கடைசிப் பந்தி

இலத்தூர் முத்துவடிவு எந்த வீட்டில் சமைத்தாலும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவாள். கல்யாணமோ, காதுகுத்தோ, பதினாறாம் நாள் காரியமோ, இந்த வழக்கம் மாறாது. எல்லோரும் கை கழுவி, வெற்றிலை மடித்து, அடுத்த வீட்டுக் கதையைத் தொடங்கிய பிறகுதான் அடுப்படி ஓரத்தில் ஒரு இலையைத் துடைத்துப் போட்டு உட்காருவாள். அதுவரை உப்புப் பார்க்கக்கூட ஒரு சொட்டை நாக்கில் வைக்கமாட்டாள். “ஆண்டவன் மூக்கு எதுக்குக் குடுத்திருக்கான்?” என்பாள். முப்பது வருடப் பெருமை அது. அந்தப் பெருமைதான் இந்த ஆனி மாதம் அவள் கழுத்தைப் பிடித்தது.

வடகரையில் இருக்கும் யோகலட்சுமி அவளுக்கு நாத்தனார். ஆனால் அது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். முத்துவடிவு அத்தை மகனைக் கட்டியவள்; ஆகவே யோகலட்சுமி முதலில் அத்தை மகள், அப்புறம்தான் நாத்தனார். மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த நான்கு வீட்டுக்குள்ளேயேதான். யோகலட்சுமிதான் துணிந்து அந்த வேலியைத் தாண்டி, மகள் உலகம்மையைக் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தாள். முத்துவடிவுக்குப் பிள்ளை இல்லை. உலகு பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் இலத்தூரில்தான் கிடப்பாள். அவள் முதன்முதலில் சோறு வடித்ததும் அத்தை அடுப்பில்தான்.

உலகு உண்டாகி ஐந்தாவது மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். யோகலட்சுமி ஐந்தருவிப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து விருந்து வைத்தாள். சமையல் யார் என்று கேட்கவே வேண்டாம். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம். சம்பந்தி குருவம்மாள் சொதியை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, “எங்க ஊர்ல இதச் செய்யத் தெரிஞ்ச கை கிடையாது” என்று சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அந்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வாந்தி எடுத்தார்கள்.

வாந்தியென்றால் சாதாரண வாந்தியில்லை. குடலைப் பிடுங்கி வெளியே போடுவது போல. கூடவே வயிற்றுப்போக்கு. முடியாமல் போனவர்களைத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உலகுவும் ஒருத்தி. யோகலட்சுமி அடுத்த கட்டிலில். முத்துவடிவுக்கோ ஒரு ஏப்பம்கூடத் தப்பி வரவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்து அந்த வார்டில் கிடந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாந்திச் சட்டி கழுவினாள், துணி அலசினாள், உலகுவின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

மூச்சு வந்த கையோடு பேச்சும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் குருவம்மாள் தொடங்கினாள். “தின்னவங்க எல்லாம் படுத்துக் கெடக்காங்க. சமைச்சவ மட்டும் கல்லு மாதிரி நிக்கா. அன்னைக்கு அவ இலை போட்டு உக்காந்தத யாராவது பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. கடைசிப் பந்தியை யார் பார்ப்பார்கள்? அந்த நாற்பது பேரில் ஒன்றும் வராமல் தப்பித்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கையில் கரண்டி இல்லையே.

சுகாதார ஆய்வாளர் பிரின்ஸ் வந்து எல்லோரையும் விசாரித்தார். மாதிரிகளை எடுத்து அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. சாப்பாட்டில் குற்றமில்லை. நோரோ என்கிற வைரஸ். சம்பந்தி வீட்டு வேனில் வந்த நாலு வயதுப் பேத்தி வழியிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து முகத்தைத் துடைத்துவிட்டு இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை குடிதண்ணீர் அண்டாவில் கையை விட்டு அளைந்து விளையாடியதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். எல்லோரும் டம்ளரை முக்கி முக்கிக் குடித்தது அந்த அண்டாவில்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? குருவம்மாள் தன் பேத்தி மேல் விழுந்ததைத் தட்டிவிட ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணிதான் காரணம்னா அவளும் குடிச்சிருக்கணும்லா? குடிச்சிருந்தா அவளுக்கும் வந்திருக்கணும்லா? தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சுதான் குடிக்காம இருந்திருக்கா.”

“நான் குடிச்சேன். லச்சுமி முன்னாலதான் குடிச்சேன். கேட்டுப் பாருங்க” என்றாள் முத்துவடிவு.

கேட்டார்கள். யோகலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் பாக்கல” என்று சொல்லிவிட்டாள்.

ஆடி மாதத்தில் விசேஷம் வைக்கமாட்டார்கள். பேச்சுக்கு அந்தத் தடை கிடையாது. உலைவாயை மூடிப் பிழைத்தவளால் ஊர்வாயை மூட முடியவில்லை. ஆவணியில் உலகுவுக்கு வளைகாப்பு. கட்டுச்சோறு தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஐந்து வகைச் சோறும் மாமன் பெண்டாட்டி கையால் கிண்டியதாக இருக்கவேண்டும். அதை மாற்ற யோகலட்சுமிக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே அண்ணனைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லியனுப்பினாள்.

முத்துவடிவின் புருஷன் தில்லைநாயகம் தேங்காய்ப் பேட்டையில் எடை போடுகிறவர். பெண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் முப்பது வருடம் இருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்.

“வடிவு, கட்டுச்சோறு நீதான் கொண்டு வரணுமாம். ஆனா சம்பந்தி வீட்டாளுவ எல்லாரும் பாக்க, மொதல்ல நீ ஒரு இலை போட்டு அஞ்சுலயும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டணுமாம். அப்பத்தான் மத்தவங்க கை வைப்பாங்களாம்.”

“லச்சுமியா சொன்னா?”

“அவ வாயாலதான் சொன்னா.”

நடுக்கூடத்தில் உட்கார வைத்து, விஷம் வைக்கவில்லை என்று தின்று காட்டச் சொல்கிறார்கள். முடியாது என்று சொன்னால் உலகுவுக்குத் தன் கைச்சோறு இல்லை. சரி என்று சொன்னால் முப்பது வருடப் பெருமை இல்லை. அன்று ராத்திரி முழுவதும் அவள் அழுதாள் என்றுதான் சொல்லவேண்டும். மறைப்பதில் என்ன இருக்கிறது? ஆனால் அழுகைக்கு நடுவில் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. குடித்தது நிஜம். இரண்டு டம்ளர். அப்படியானால் எனக்கு ஏன் வரவில்லை?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க அவள் தென்காசியில் மாஜிதாவின் லேபுக்குப் போவது வழக்கம். கூலக்கடை பஜாருக்குள் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன லேப். மறுநாள் மத்தியானம் அங்கே போய் நின்றாள்.

“யக்கா, சுகர் பாக்க இன்னும் ஒரு மாசம் இருக்கே?”

“சுகர் இல்லம்மா. எனக்கு ஏன் வாந்தி வரலன்னு பாத்துச் சொல்லு.”

மாஜிதா சிரித்துவிட்டாள். “வந்தா ஏன் வந்துச்சுன்னு கேட்டு வருவாவ. வரலன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

ஆனால் முழுக்கதையையும் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. நோரோ என்ற பெயரைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “வரப்புல நடந்தா நாயுருவி சீலையில ஒட்டும்லா?”

“ஒட்டும்.”

“இடுப்புல எவர்சில்வர் கொடம் வச்சிருக்கீங்க. அதுல ஒட்டுமா?”

“அதுல எப்படி ஒட்டும்? பிடிக்க நூல் வேணும்லா?”

“அவ்வளவுதான்க்கா விசயம். இந்த வைரஸுக்குக் கையுமில்ல காலுமில்ல. வயித்துக்குள்ள போனா மட்டும் போதாது. குடல்ல இருக்க செல்லைப் பிடிச்சாத்தான் அதுக்கு வாழ்வு. அந்தச் செல்லு மேல சின்னச் சின்னதா நூல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். சர்க்கரைன்னு சொல்லுவோம், தித்திக்கிற சர்க்கரை இல்ல. அதுதான் வைரஸ் வந்து ஒட்டுற எடம். ரிசப்டர்னு பேரு. அதுல ஒட்டி, அப்படியே உள்ள எறங்கி, தன்னையே ஆயிரமாப் பெருக்கிரும். சில பேருக்குப் பொறவியிலேயே அந்த நூல் முளைக்காது. நூறு பேருல பத்து இருபது பேரு இருப்பாவ. அவங்க குடிச்சாலும் வைரஸ் உள்ள போவும், பிடிக்க எடம் கிடைக்காது, வந்த வழியே போயிரும்.”

முத்துவடிவு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். ஐம்பத்திரண்டு வருடமாகக் கூடவே இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இத எப்படிம்மா நான் ஊருக்குக் காட்டுவேன்? வயித்த அறுத்தா காட்ட முடியும்?”

“அறுக்க வேண்டாம். குடல்ல அந்த நூல் உள்ளவங்களுக்கு எச்சில்லயும் அந்தச் சரக்கு கலந்து வரும். ரத்த குரூப்பு பாக்குதோம்லா, அதே சரக்குதான். நான் படிக்கையில இதுக்கு ஒரு பிராக்டிகல் உண்டு. செஞ்சு பன்னெண்டு வருசமாச்சு.” மாஜிதா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நீங்களும் பி குரூப்பு, நானும் பி குரூப்பு. ரெண்டு பேரும் துப்புவோம்.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு குழாயில் துப்பினார்கள். மாஜிதா குழாய்களைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தாள். சுற்றுகிற இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தாள். ரத்த குரூப் பார்க்கிற மருந்தைத் தண்ணீர் சேர்த்து இளக்கி இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். கொஞ்சம் பொறுத்து இரண்டிலும் பி குரூப் ரத்த அணுக்களைச் சேர்த்தாள். ரசம் கொதிக்கிற நேரத்துக்கு மேல் எந்த அடுப்பு முன்னாலும் சும்மா நின்றிராத முத்துவடிவு, கையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணிநேரம் நின்றாள்.

கடைசியில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் இரண்டு துளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள் மாஜிதா. ஒன்று காவி கரைத்த தண்ணீர் போலச் சீராக இருந்தது. இன்னொன்று திரிந்த பால் போலத் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து கிடந்தது.

“திரிஞ்சது யாருது?”

“உங்களுது.”

“கெட்டுப் போச்சா?”

“கெட்டுப் போகலக்கா. அந்த மருந்து ரத்தத்தக் கட்டியாக்குற மருந்து. என் எச்சில்ல இருக்க சரக்கு அந்த மருந்தப் பிடிச்சு வச்சுக்கிட்டு. அதனால என் துளி கட்டியாகல. உங்க எச்சில்ல மருந்தப் பிடிக்க ஒண்ணுமே இல்ல. அது தன் வேலையப் பாத்துட்டு.”

உறுதிக்காக இன்னொரு தடவையும் செய்து பார்த்தாள். அப்போதும் அப்படியே வந்தது. லேபின் தாளில் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது மாஜிதா சொன்னாள்: “ஒண்ணு சொல்லிருதேன். இது பழைய காலத்துப் பரிசோதனை. இந்த நூல் இல்லாட்டியும் ஒட்டுற வேற வகை நோரோவும் இருக்கு. ஆனா அதிகமா வரது இந்த நூலத் தேடுற வகைதான். உங்க கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்.”

“போதும் தாயி.”

“இது அம்மா வழி அப்பா வழி ரெண்டுலயும் வந்தாத்தான் இப்படி ஆகும். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிட்டு வந்த குடும்பத்துல கூடுதலா இருக்கும். உங்க ரத்த சொந்தத்துல அன்னைக்கு வேற யாராவது வாந்தி எடுக்காம இருந்தாவளா?”

“இல்லம்மா, எல்லாரும் படுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் முத்துவடிவு படி இறங்கினாள்.

செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை மடித்துப் பையில் வைத்தவளுக்கு ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்தது. கட்டில் கட்டிலாக எண்ணிப் பார்த்தாள். சமையல்காரிக்குப் பாத்திரக் கணக்கு தப்பாது. அண்ணன் மகன் சட்டி, அண்ணன் மகள் சட்டி, சித்தப்பா சட்டி, மருமகன் சட்டி, உலகுவின் சட்டி. மொத்தம் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். கழுவியது எட்டு சட்டி.

யோகலட்சுமியின் கட்டிலுக்கடியில் இருந்த சட்டி இரண்டு நாளும் காய்ந்துபோய்த்தான் கிடந்தது. “ஐயோ, வருதே வருதே” என்று அவள் கத்தினாள். முத்துவடிவு ஓடிப் போனால், “நீ தொடாத, போ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்திருந்தாள் முத்துவடிவு.

பஸ் குலுக்கியதில் கம்பியைப் பிடித்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. திருடி! தானும் தப்பித்தவள்தான். தப்பித்ததை மறைக்கக் கையில் ஊசியைக் குத்திக்கொண்டு படுத்து, பழியை என் இலையில் பரிமாறிவிட்டாள். பஸ் இலத்தூரில் நின்றபோது அந்தக் கோபத்தோடுதான் இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷனிடம் ஒரே வார்த்தை சொன்னாள். “கட்டுச்சோறு நான் கொண்டு வாரேன்னு சொல்லிருங்க. தின்னும் காட்டுதேன்.”

வளைகாப்பு அன்று விடிவதற்குள் ஐந்தும் முடிந்துவிட்டன. புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். தில்லைநாயகம் தூக்குச் சட்டிகளை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வடகரை வீட்டின் அடுப்படியில் யோகலட்சுமி தனியாக நின்றிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. முத்துவடிவைப் பார்க்காமல் சட்டிகளை வாங்கி வைத்தாள்.

முத்துவடிவு பையிலிருந்து தாளை எடுத்து மேடையில் வைத்தாள். வழியெல்லாம் பேச வேண்டியதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். வாய்க்கு வந்தது மூன்று வாக்கியம்தான்.

“இதப் படிச்சுப் பாரு லச்சுமி. ஆஸ்பத்திரியில எட்டுச் சட்டி கழுவுனேன். உன் சட்டிய மட்டும் கழுவவே இல்ல.”

யோகலட்சுமி தாளைக் கையில் எடுத்தாள். அதற்கு மேல் அங்கே நிற்காமல் முத்துவடிவு கூடத்துக்குப் போனாள். கையில் இருந்த ஒரே ஆயுதத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

வளையல் போட்டு முடிந்தது. உலகு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு, வயிறு தள்ளி, மணையில் உட்கார்ந்திருந்தாள். சோறு வந்தது. குருவம்மாளும் அவர்கள் ஊர்ப் பெண்களும் சுவரோரம் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். நடுக்கூடத்தில் ஒரே ஒரு இலை போட்டார்கள்.

“அத்தே, எதுக்கு நீங்க மொதல்ல?” என்றாள் உலகு. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“இன்னைக்கு எனக்குப் பசிக்குதுட்டி” என்று சொல்லி முத்துவடிவு உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். ஐந்தும் விழுந்தன. புளிச்சோற்றில் கை வைத்தாள்.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

“எந்திரி மதினி” என்றாள் யோகலட்சுமி.

“விடு லச்சுமி. சொன்னபடி தின்னுட்டுப் போறேன்.”

“எந்திரிங்கேன்லா!” யோகலட்சுமி கையை விடாமலே குருவம்மாள் பக்கம் திரும்பினாள். “சம்பந்தி, எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் வரல.”

“என்ன வரல?”

“வாந்தியும் வரல, பேதியும் வரல. கூப்பிட்டு விருந்து வச்சவளுக்கு மட்டும் ஒண்ணுமில்லன்னா என்ன சொல்லுவீங்களோன்னு பயந்து போய்ப் படுத்துக்கிட்டேன். அப்புறம் நீங்க மதினியச் சொன்னீங்க. நான் வாய மூடிக்கிட்டேன். மூடினதோட இருந்தாக்கூடப் பரவாயில்ல. அவ தண்ணி குடிச்சதப் பாக்கலன்னு பொய்யும் சொன்னேன். பாத்தேன். என் முன்னாலதான் ரெண்டு டம்ளர் முக்கிக் குடிச்சா. நானும் குடிச்சேன். எங்க ரெண்டு பேரு வயித்துலயும் அது ஒட்டல. பொறவியே அப்படியாம். இந்தா, லேப்ல எழுதிக் குடுத்திருக்காவ.”

தாளை நீட்டினாள். குருவம்மாள் அதை வாங்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு சந்தேகம்.

“அப்ப அந்த ரெண்டு பாட்டில் குளுக்கோஸு?”

“ஏத்துனாங்க. ஏறிட்டு.”

முதலில் சிரித்தது உலகுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சுவரோரத்துப் பெண்கள். கடைசியில் குருவம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள். மடியில் இருந்த நாலு வயதுப் பேத்தியின் தலையைத் தடவியபடி, “எம் பிள்ளையச் சொல்லிருவாங்களோன்னு எனக்கும் பயம்தான் வடிவு. மனசுல வச்சுக்காத” என்றாள். முத்துவடிவு தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவு சீக்கிரம் மனசிலிருந்து போகிற விஷயமா அது?

யோகலட்சுமி குனிந்து அந்த ஒற்றை இலையை அப்படியே எடுத்தாள். கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தாள்.

“உலகு, நீ மொதல்ல சாப்பிடு. அத்தை கடைசியா சாப்பிடுவா. எப்பவும் போல.”

மூன்று பந்தி நடந்தது. மூன்றையும் முத்துவடிவுதான் பரிமாறினாள். எல்லோரும் வெற்றிலைத் தட்டுக்குப் போன பிறகு அடுப்படிக்கு வந்து ஒரு இலையைத் துடைத்துப் போட்டாள். பக்கத்தில் யோகலட்சுமி இன்னொரு இலையைப் போட்டு உட்கார்ந்தாள். மிச்சம் இருந்தது அடிச்சட்டிப் புளிச்சோறும் கொஞ்சம் தயிர்ச்சோறும்தான். யோகலட்சுமி சோற்றைத் தொடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துக் கட்டில்ல எம்பிள்ள குடலக் கக்குதா மதினி. எந்திரிச்சுப் போய்த் தலையப் பிடிக்கணும்போல இருக்கு. எந்திரிச்சா பொய் தெரிஞ்சுபோவும். ரெண்டு நாளும் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். நீதான் பிடிச்ச.”

முத்துவடிவு அவளைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறியிருந்த கோபத்தில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது. அது இறங்க நாளாகும் என்று அவளுக்கே தெரியும். சட்டியைச் சரித்து, அடியில் இருந்த புளிச்சோற்றைச் சுரண்டி, பெரிய பங்காக யோகலட்சுமியின் இலையில் வைத்தாள்.

“சாப்பிடு. ஆறிப்போவுது.”